ராத்திரி வைத்த அளவு

கிரே ஸ்ட்ரீட் அடகுக்கடையில் வாங்கியது.
ஆயிரத்து எண்ணூறு ராண்ட்.
ரப்பர் உரிந்த பிடியில்
யாரோ ஒருவரின் கட்டைவிரல் தேய்த்த பளபளப்பு.
தெருவுக்கு வேறு பெயர் வைத்து வருஷங்கள் ஆயிற்று,
கேமராவுக்கு யாரும் சொல்லவில்லை போல.
எதைக் காட்டினாலும் கிரே.

நொக்வாண்டாவின் கறுப்புக் கோட்டை எடுத்தேன்:
சாம்பல்.
அவள் தலையணையின் வெள்ளை உறையை எடுத்தேன்:
சாம்பல்.
உள்ளே இருக்கும் மீட்டர்
உலகமே நடுச்சாம்பல் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறது.
வெள்ளைக்கு நாம்தான் கூட்ட வேண்டும்,
கறுப்புக்கு நாம்தான் குறைக்க வேண்டும்.

"இந்த நாட்டில் அப்படி நம்பிய ஒரே ஜீவன்
உன் கேமராதான்" என்றாள் நொக்வாண்டா,
நகவெட்டியைத் தேடிக்கொண்டே.

எண் பெருத்தால் துளை சிறுக்கும்,
எண் சிறுத்தால் துளை பெருக்கும்.
பல் தேய்க்கும்போது சொன்னேன்.
வார்விக் டாக்ஸியில்
பின்சீட்டுச் சில்லறையை முன்சீட்டுக்குக் கைமாற்றும்போது சொன்னேன்.
புள்ளியியலை இப்படிப் படித்திருந்தால்
ஐம்பத்திரண்டோடு நின்றிருக்காது.

புதன் இரவு, நான்காம் கட்ட மின்வெட்டு.
எட்டிலிருந்து பத்தரை வரை
பெரியா மேடு முழுக்க இருட்டு.
ஜாம் மூடியில் நின்ற மெழுகுவத்திக்கு முன்னால் அவள்.
எஃப் ஒன்று புள்ளி எட்டு.
கால் விநாடி.
ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு.
முழங்கையை மேசையில் ஊன்றி
மூச்சைப் பாதியில் பிடித்து
அழுத்தும்போது அவள் சிரித்துவிட்டாள்.
பற்கள் இரண்டு வரிசை,
முகமெல்லாம் மணல் தூவிய புள்ளிகள்,
ஆனாலும் அந்த இருட்டிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தாள்.
எனக்கு அது போதும்.

பேட்டரியில் ஒரு கோடு.
மிச்சம் பிடிப்போம் என்று
பின்திரையை அணைத்து வைத்தேன்.
இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்,
நான் வைத்துக்கொள்ளவில்லை.

காலை ஆறரைக்கு ஊரெல்லாம் ஒரே சேதி:
இசிப்பிங்கோவில் சாளை வந்துவிட்டது!

ஜூலைக் குளிரில் அப்படி ஒரு கூட்டம்.
வாளி, தலையணை உறை, குழந்தை குளிக்கும் தொட்டி,
பாவாடையை மடியாக்கிய ஒருத்தி,
டையோடு முழங்கால் தண்ணீரில் ஒரு வங்கிக்காரர்.
வலை கரையேறியபோது
கடலே துள்ளித் துள்ளி
வெள்ளிச் சில்லறையாய் உதிர்ந்தது.
நான் மண்டியிட்டேன், படுத்தேன், ஓடினேன்.
கண்ணாடித் துளைக்குள் எல்லாம் அற்புதமாகத் தெரிந்தது.
அங்கே எப்போதும் அப்படித்தான் தெரியும்.
ஷட்டர் மட்டும் ஏனோ
சோம்பலாய்க் கொட்டாவி விட்டு மூடியது.
கவனித்தேன். குளிர் என்று நினைத்தேன்.

அறுபத்து மூன்று படங்கள்.
துண்டைத் தலையில் போர்த்தி
திரையைத் திறந்து பார்த்தால்
வெள்ளை.
அடுத்தது வெள்ளை.
அதற்கடுத்ததும்.
சாம்பலை நம்பிய மீட்டர்
ஓரத்தில் மினுக்கி மினுக்கிக் கத்தியிருக்கும்.
மெழுகுவத்திக்கு வைத்த அளவில்
சூரியனைக் கொட்டியிருக்கிறேன்.

வலைக்காரர் சீலன் மூட்லி ஈரக்கையோடு வந்தார்.
"நான் கயிறு இழுத்தது வந்ததா?"
"வந்தது அங்கிள்."
ஒரு பை மீனை என் கையில் திணித்தார்.
காசு வாங்கவில்லை.
தன் நம்பரைக் கொடுத்து
"அனுப்பு, பொண்ணுக்குக் காட்டணும்" என்றார்.

அதன் பிறகுதான் எடுத்தேன், அறுபத்து நான்காவதை.
எஃப் எட்டு, ஐந்நூற்றில் ஒன்று, ஐஎஸ்ஓ நூறு.
கூட்டம் போன மணல்,
ஒற்றைச் செருப்பு,
அதற்குள் வாய் திறந்த ஒரு சாளை.
ஒவ்வொரு செதிலும் எண்ணலாம்.

வெயிலுக்கு உரிய மூன்று அளவுகளையும்
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
இரவு மறுபடி கரண்ட் போனது.
வறுத்த மீனும் சோறும்,
நொக்வாண்டா முள்ளெடுத்துத் தந்தாள்.
பிசைந்து சாப்பிட்டதில்
இரண்டு அளவுகள் போய்விட்டன.
மிஞ்சியது நூறு மட்டும்,
கொஞ்சம் மஞ்சளாக.

போனில் அவர் நம்பர் இருக்கிறது.
அடுத்த கூட்டம் ஸ்காட்பரோ பக்கம் வருகிறதாம்.
சார்ஜ் ஏறட்டும்.