சூடேறிய பின் கேட்பது

அவன் கதவைத் தட்டவில்லை.
கார்தான் தட்டிக்கொண்டு வந்தது.
மினிபஸ் பையன்கள் ஊர்ப்பெயர்களைக் கூவும் இரைச்சலிலும்
தெரு முனையிலிருந்தே எனக்குத் தனியாகக் கேட்டது:
டொக். டொக். டொக்.

நீலச் சுபாரு. பானெட்டின் மேல் காற்று விழுங்க ஒரு வாய்.
எர்கோ லிமாச்சி இறங்கும்போதே அழுகிற முகம்.
"ராடு போச்சு, தோன்யா நியெவெஸ். எஞ்சினே போச்சு."
கார் அவனிடம் வந்து மூன்று வாரம்.
முதல் தவணைக்கே இன்னும் பத்து நாள் இருக்கிறது.

எல் ஆல்டோவில் காற்று அரைவயிற்றுக்காரன்.
கடலோரத்தில் எவனோ லேப்டாப்பில் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு
டர்போ இந்த மெலிந்த காற்றை
அள்ளி அள்ளி அடைக்கிறது.
பெட்ரோல் அவசரப்பட்டு வெடித்தால்
தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்கும்.
இது கூழாங்கல் இல்லை.
இரும்பு இரும்பைத் தேடிப் போய் இடிக்கிற சத்தம்.

அவனிடமும் கேட்டேன், வண்டியிடமும் கேட்டேன்.
அவன் நிறையச் சொன்னான்.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனை பிளாக்கில்,
பிடி என் காதெலும்பில்.
ஒவ்வொரு சிலிண்டராக வயரைப் பிடுங்கினேன்.
ராடு என்றால், அந்தச் சிலிண்டர் செத்ததும் சத்தமும் சாயும்.
சாயவில்லை.
நாலும் முறை வைத்துச் செத்துப் பிழைத்தன,
டொக் மட்டும் அசரவில்லை.

"ராடு இல்லை" என்றேன்.
அவன் நம்பவில்லை. கெட்ட செய்தியைத்தான்
வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தான்.

அடியில் படுத்தேன். சிமெண்டுத் தரை முதுகில் பனியாகக் கடித்தது.
மூன்றங்குலப் புகைக்குழாய், புதிது, அளவுக்கு மீறிய தடிப்பு.
அதன் இடுப்பில் காசு அளவுக்கு ஒரு பளபளப்பு;
குறுக்குச் சட்டத்திலும் அதே உயரத்தில் அதன் ஜோடி.
எஞ்சின் தாங்கியின் ரப்பர் கிழிந்து
வாய் பிளந்து கிடந்தது.
எஞ்சின் சிலிர்க்கும்போதெல்லாம்
குழாய் சட்டத்தில் போய் மோதியிருக்கிறது.
அவ்வளவுதான். ஒரு ரப்பர், நாலு போல்ட்டு.

மதியத்துக்குள் மாட்டிவிட்டேன்.
சாவியைத் திருப்பினான்.
தட்டல் இல்லை.

எர்கோ சிரித்தான். முதல்முறையாகப் பல் தெரிந்தது.
பர்ஸை எடுத்தான், எதிர்க்கடையில் பொரித்த கோழி வாங்கித் தருகிறேன் என்றான்,
ஒருரோவில் இருக்கும் மாமனுக்குப் போன் போட்டு
"ஒன்றுமில்லையாம்! ஒன்றுமே இல்லையாம்!" என்று கத்தினான்.

நான் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன்.
தேன் நிறம். தேனைப் போலவே
சொட்ட மனமில்லாமல் நுனியில் தொங்கியது.

"ஆயில் யார் மாற்றியது?"
"விற்றவர்தான், தோன்யா. காசு வாங்கவில்லை.
நல்ல மனுஷர், பல் டாக்டர்."

அணைக்காதே என்றேன்.
முள் நடுக்கோட்டுக்கு ஏறட்டும்.
தலைக்கு மேல் கேபிள் கார் பெட்டிகள்
லா பாஸ் பள்ளத்துக்குள் ஒவ்வொன்றாய் இறங்கின.
கோழி ஆறிக்கொண்டிருக்கும் என்றான்.
இரு என்றேன்.

முதலில் ஒன்றுமில்லை.
எண்ணெய் இளக இளக,
பெரிய சத்தம் காலிசெய்துவிட்டுப் போன இடத்தில்
ஒரு சின்னது.
பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் யாரோ
நகத்தால் மேசையைச் சுரண்டுவதுபோல.

மூன்றாவது சிலிண்டரின் வயரைப் பிடுங்கினேன்.
நின்றது.
மாட்டினேன்.
வந்தது.
கை தானாக இன்னொரு முறை பிடுங்கிப் பார்த்தது,
நான் தப்பாகக் கேட்டிருக்கக்கூடாதா என்று.

போன் இன்னும் அவன் காதில்தான்.
மாமன் மறுமுனையில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்.
அவன் என் முகத்தைப் பார்த்தான். போனை இறக்கினான்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியைத் துணியில் துடைத்து
அவன் பக்கம் நீட்டினேன்.