மைதா

முதலில் மைதா என்றுதான் சொன்னோம்.
பேக்கரிக்காரர் கையில் வெள்ளையாக எது இருந்தாலும்
மைதா என்றால் நம்பிவிடுகிறார்கள்.
காங்கேயம் தாண்டி, தாராபுரம் ரோட்டில்
டீயும் தேங்காய் பன்னும் விற்கிற கடை எங்களுடையது.
நம்பினார்கள், இரண்டு வருசம்.

அப்புறம் ஒரு லாரி டிரைவர்
நீட்டிய டம்ளரை வாங்காமல்
"அங்கயே வெய்ங்க" என்று மேசையைக் காட்டினார்.
மரியாதையாகத்தான். எங்கள் பக்கம்
விரட்டுவதையும் 'ங்க' போட்டே விரட்டுவார்கள்.

இவர் அடுப்புப் பக்கம் போனார்.
நான் கல்லாவுக்கு வந்தேன்.
சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

காலையில் கூட்டினால் குப்பை முறத்தில்
ஒரு கைப்பிடி செதில்.
"இத்தன வருசத்ததையும் சேத்து எடை போட்டா
ஒரு ஆளே வருவான்" என்று ஒருநாள் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
சமையல்கட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு
வெயிலில் வைத்தால் கத்தரிப்பூ நிறம் இறங்கும்.
தடவினோம். கொஞ்சம் கேட்டது.
தலையணை உறையெல்லாம் ஊதா.
கருவாட்டை நிறுத்தச் சொன்னார்கள்,
மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டச் சொன்னார்கள்.
கொட்டினோம்.
"தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டது
வேறு யாருமில்லை, என் நங்கையாள்.

வெள்ளகோயிலில் ஒருத்தர் ஊசி போட்டார்,
பேர் சொல்லாத ஊசி.
பத்தே நாளில் உடம்பு மினுமினுத்தது.
அண்ணமாருக்குக் கிடாய் வெட்டினோம்.
அடுத்த மாசம் உள்ளங்கால் முதல் உச்சிவரை
தீய்ந்த ரொட்டி மாதிரிச் சிவந்து வெடித்தது.
வாழையிலை விரித்துப் படுக்க வைத்தேன்.
கிடாய்க்கு வாங்கின கடன் அப்போதும் பாக்கி.

இதற்கிடையில் எப்போதோ
நான் இவரைத் தொடுவது விட்டுப்போயிருந்தது.
எண்ணெய் தடவுவது தொடுவதில் சேருமா?

கோயமுத்தூரில் அந்த டாக்டரம்மா
தோலைப் பார்க்குமுன் கேட்டார்:
"காலையில எந்திரிச்சதும் விரல் மடங்குதுங்களா?"
பதினோரு வருசம் யாரும் கேட்காத கேள்வி.
இவர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.
மூன்று வருசமாகச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான்.
வயசாச்சு என்று நினைத்திருந்தோம்,
நாற்பத்திநாலுக்கு.

முதலில் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள், புதன்.
தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று
நாலு தடவை சொல்லி அனுப்பினார்.
காலண்டரில் புதனையெல்லாம் வட்டம் போட்டேன்.
ஈரல் ஒத்துக்கொள்ளவில்லை.
பிறகு, வேறு ஊசி.
அதற்கு முன்னால் நெஞ்சுப் படம்,
காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று முன்கையில் ஒரு சோதனை.
விலையைக் கேட்டதும் "வா, போலாம்" என்று எழுந்தார்.
நான் எழவில்லை.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்.

ஊசியைக் குளிரில் வைக்க வேண்டும்.
வீட்டில் கரண்டை நம்ப முடியாது,
கடையில் ஜெனரேட்டர் உண்டு.
அதனால் பிறந்தநாள் கேக்குகளுக்குப் பின்னால்,
க்ரீம் ரோஜாக்களுக்கு நடுவே இருந்தது
எங்கள் சீட்டுப் பணம் முழுக்க.
தொடையில் வைத்து அழுத்தினால் ஒரு டிக்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.
இரண்டுக்கும் நடுவில் நான் மூச்சு விடுவதில்லை.

ஏழாவது வாரம், சனிக்கிழமை, கூட்டினேன்.
முறத்தில் மண், ஒரு தலைமுடி, ஒரு பட்டன்.
திரும்பவும் கூட்டினேன்.
கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன்.
"என்னத்தத் தேடற?" என்றார்.
"பட்டன்" என்றேன்,
அதைக் கையில் வைத்துக்கொண்டே.

போகாது, அடங்கியிருக்கும் என்கிறார் டாக்டரம்மா.
முழங்கையில் ஒரு ரூபாய் அகலம் மிச்சம் உண்டு.

நேற்று அரைக்கைச் சட்டையில் இவரே டீ கொடுத்தார்.
"கையில என்னங்க வெள்ளையா?" என்றார் ஒருத்தர்.
வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு
"மைதாங்க" என்றார்,
பழைய பொய்யின் அதே குரலில்.
மைதாவேதான்.
கல்லாவிலிருந்து எழுந்து போய்
முந்தானையால் துடைத்துவிட்டேன்,
அத்தனை பேருக்கும் முன்னால்.

அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.
சீட்டுக்கு இன்னும் பதினாலு தவணை.