தண்ணீர் மாதிரி

வண்ணார்பேட்டை லாட்ஜில் மூன்றாம் மாடி.
விடிந்தால் டெல்பின் தங்கைக்குக் கல்யாணம்.
கீழே பிரியாணிக்காரனோடு சித்தப்பாமார் மல்லுக்கட்ட
இவன் கதவைத் தாழிட்டு
கப்பலில் வந்த ஐந்து குட்டிப் புட்டிகளைக்
கட்டில்மேல் வரிசையாக வைத்தான்.
"ஒரே நாடு வே. நம்ம தமிழ்நாட்டுல
பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.
ஆனா ஊருக்கு ஊர் வேற."
ஸ்காட்லாந்தில் அவன் கால் வைத்தது ஒன்றரை நாள்.
அதிலும் மழை.

முதல் புட்டி ஒரு தீவினது.
சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து
அந்தப் புகையில் வாற்கோதுமையை வாட்டுவார்களாம்.
பிரமநாயகம் மூக்கை மட்டும் கொண்டுபோனான்.
"ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி" என்றான்.
சிரித்தோம். டிங்சர் வாசனை, சரிதான்.
அவன் சிரிக்காததை
நான் பிறகுதான் கணக்கில் எடுத்தேன்.

இரண்டாவது ஆற்றுப் பள்ளத்தாக்கு.
ஆப்பிள், தேன் என்றது அட்டை.
எனக்குக் கிடைத்தது
களக்காட்டு வாழைத்தார் கனிந்து கறுத்த அறை.
மூன்றாவது ஊரில் முப்பது வடிசாலை இருந்து
மூன்று மிஞ்சியதாம். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கயிற்று நெடி;
டெல்பின் உவரிக்காரன், அதை யாருக்கும் விட்டுத்தரவில்லை.
மலைநாட்டுப் புட்டி எனக்கு நினைவில்லை.
தாழ்நிலத்துப் புட்டியைச் சப்பிவிட்டு
"தண்ணி மாதிரில்லா இருக்கு" என்றான்.

என்னிடம் சொல்லக்கூடாத சொல்.
பத்தொன்பது வருஷமாகக் குடிநீர் வாரியத்துக்குத்
தண்ணீர் மாதிரி எடுக்கிறவன் நான்.
எந்தத் தண்ணி மாதிரி?
பையைத் திறந்தேன்.
காலையில் ஆய்வுக்கூடம் போகவேண்டிய பாட்டில்கள்,
என் கையெழுத்தில் ஊர்ப்பெயர் ஒட்டியவை:
பாபநாசம். சேரன்மகாதேவி. சீவலப்பேரி.
ராதாபுரம் ஆழ்குழாய்.
நாலு சொட்டில் சாகமாட்டாய் என்றேன்.

பாபநாசம் விழுந்ததும் தீவின் புகை விலகி
உள்ளேயிருந்து ஓர் எலுமிச்சை எட்டிப்பார்த்தது.
சேரன்மகாதேவியில் அது வரத் தயங்கியது.
சீவலப்பேரிக்கு முன்னால் மாநகரமே ஆற்றில் இறங்கிவிடுகிறது;
நாக்கு அதைக் கண்டுபிடித்ததா,
எனக்குத் தெரியுமென்பதால் நாக்கு ஒத்துப்பாடியதா, அறியேன்.
ராதாபுரத்தில் விஸ்கி வாயை மூடிக்கொண்டது.
அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாதென்று
பெண்கள் மனு கொடுத்து ஆறு வருஷம்.
கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது.

"மாதிரிகள் வழியில் சிந்திவிட்டன"
என்று எழுதலாமா அறிக்கையில்?
எழுது என்று டெல்பின் இன்னொரு மூடி ஊற்றினான்.

அப்போதுதான் பிரமநாயகம் கேட்டான்,
பெண்கள் வார்டு வராந்தாவில் பதினோரு ராத்திரி
தினத்தாள் விரித்துப் படுத்துவிட்டு
பன்னிரண்டாம் நாள் தனியாக வீடு திரும்பியவன்:
"அந்த மொதப் பாட்டில்ல மிச்சமிருக்கா?"
இருந்தது, ஒரு விரற்கடை.
பாபநாசத்தை நீட்டினேன்.
தம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.
"தண்ணி வேண்டாம்."

குடிப்பான் என்று பார்த்திருந்தோம்.
மூக்கருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்
பைபாஸில் லாரிகள் குறைகிற வரைக்கும்.