அரை மாத்திரை

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
கற்பித்தல். ஆய்வு. சமூகப் பணி.
கட்டத்துக்கு இருநூறு சொல்.
ஜூலை மழை சண்டர்லாந்து ஜன்னலில்
எழுதி எழுதி அழிக்கிறது. நானும்தான்.

செப்டம்பரில் வெள்ளைக் கோட்டுகள் வந்தன,
மடிப்புக் கலையாமல்,
ஒன்றின் கையில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டு.
எங்கள் மாதிரி மருந்தகத்தில்
அலமாரி நிறையப் பெட்டி, பெட்டி நிறையக் காற்று.
காற்றை எண்ணிக் கொடுக்கத்தான் பழக்குகிறோம்
முதல் பருவம் முழுக்க.

அக்டோபர் பதினேழு. எபியேரே
வார்ஃபரின் சீட்டை வாங்கினாள்.
கிறுக்கலில், ஐந்துக்கு முன்னால்,
கடுகைவிடச் சின்னதாய் ஒரு புள்ளி.
அவள் கண்ணில் அது படவில்லை.
அரை மில்லிகிராம் வெள்ளை போக வேண்டிய பையில்
ஐந்து மில்லிகிராம் ரோஜா நிறம் போனது.
"நோயாளி இறந்துவிட்டார்" என்றேன்.
அப்படிச் சொல்வதுதான் இங்கே வழக்கம்.
நோயாளியாக நடிக்க வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர்
நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார்.

அன்றிரவு பேருந்தில், எங்கிருந்தோ,
எட்டாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து ஒப்பித்த இலக்கணம்:
இமை ஒருமுறை மூடித் திறக்கும் நேரம் மாத்திரை.
குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கு இரண்டு.
தலையில் புள்ளி வாங்கிய மெய்க்கு அரை.
புள்ளி விழுந்தால் பாதியாகிறது எழுத்து.
புள்ளி தவறினால் பத்தாகிறது மருந்து.
வகுப்பில் இதைச் சொல்லவில்லை.
ஆய்வகத்தில் டோரீன் லெய்ட்லரிடம் சொன்னேன்.
"அப்போ பாதி மாத்திரை போட்டால்?" என்றாள்,
ஒற்றைக் கண்ணை மட்டும் மூடிக் காட்டி.

ஆய்வு:
ஆறு கண்ணாடி வயிறுகள், உள்ளே முப்பத்தேழு டிகிரி,
ஓயாமல் சுற்றும் ஆறு துடுப்புகள்.
விழுங்க முடியாதவர்களுக்கு
நாக்கிலேயே கரையும் வில்லை செய்கிறோம்.
பிப்ரவரி முழுக்க அவை
அச்சிலிருந்து வெளியே வந்ததும் தலை கழன்று விழுந்தன.
ஈரப்பதம் என்றேன் நான்.
அச்சு தேய்ந்துவிட்டது என்றாள் டோரீன்.
அச்சுதான்.
மார்ச்சில் நிதி மறுத்து வந்த கடிதத்தில் இரண்டு வரி.
அதில் ஒன்று நன்றி.

மே மாதச் சனிக்கிழமை ஒன்று.
கப்பல் கட்டியவர்களின் மன்றத்தில் மேசை போட்டோம்.
கப்பல்கள் சுவரில் இருந்தன, சட்டத்துக்குள்.
'உங்கள் மருந்துகளோடு வாருங்கள்' என்று எழுதியிருந்தோம்.
நார்மன் ஸ்டோபார்ட் பிஸ்கட் டின்னோடு வந்தார்.
அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு.
எபியேரே மூடியைத் திறந்தாள்:
வெள்ளையாய், விளிம்பு வரை, எல்லாமே பாதி.

மருத்துவர் தினம் அரை என்று சொல்லியிருந்தார்.
வெட்டித் தருவது ஈனிட்டின் வேலை,
ரொட்டிக் கத்தியால், இரவுச் செய்தி முடிந்ததும்.
மருத்துவமனைக்குப் போகும் முந்தைய நாள்
உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டி வைத்தாராம்.
அது போன ஆகஸ்ட்.
"ஏன் சாப்பிடவில்லை?"
"சாப்பிட்டால் தீர்ந்துவிடுமே, பெண்ணே."

வாய்க்குள் தயாராக வைத்திருந்த பாடத்தை
எபியேரே விழுங்கியதை நான் பார்த்தேன்.
தட்டில் கொட்டி எண்ணினாள், இரண்டிரண்டாய்.
நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒற்றைப்படை.
ஜோடி இல்லாத அந்த ஒன்றைத் தேடி
டின்னைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தாள்.
பிறகு மெதுவாக, கிட்டத்தட்ட ரகசியமாக,
வெட்ட வேண்டாத அளவிலேயே இப்போது கிடைக்கிறது என்றாள்.
மருத்துவருக்குத் தொலைபேசினாள்.
பாதிகளை அழிப்பதற்கான பைக்குள் சரித்தாள்.
விதி அது; நான்தான் கற்பித்தேன்.

ஒன்றை அவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை
நானும் அவளும் பார்க்கவில்லை.
அதற்குச் சரியாக ஒரு மாத்திரை நேரம் பிடித்தது.

இப்போது எபியேரே
எந்தச் சீட்டு வந்தாலும் புள்ளியைத் தேடிச் சிவப்பில் வட்டமிடுகிறாள்,
முற்றுப்புள்ளிகளைக்கூட.

மூன்றாம் கட்டத்தில் எழுதுகிறேன்:
பயனடைந்தோர் இருபத்து மூன்று பேர்.
இன்னும் நூற்றுத் தொண்ணூற்றாறு சொல் பாக்கி.