கரோனேஷன் ஓட்டல், கடற்கரைச் சாலை

பதினோரு பங்காளிகளுக்கு அளந்து பிரிக்கவேண்டும்.
டேப்பும் நோட்டுமாக நாகப்பட்டினத்தில் இறங்கினேன்.
மூன்று மாடி. எழுபத்திரண்டு சன்னல்.
உப்புக்காற்று தின்றதுபோக நெற்றியில் மிச்சம்:
'ரோனேஷன் ஓட்ட'.

கணக்கு உதைத்தது.
உள்ளே அளந்ததும் வெளியே அளந்ததும்
ஐந்துக்கு ஐந்தடி வித்தியாசம்.
சுவரைத் தட்டிக்கொண்டே போனேன்.
மாடிப்படிக்குப் பின்னால் ஓரிடம்
தவில்போல் பதில் சொன்னது.

பலகையைப் பெயர்த்தால் கிணறு.
தலைகீழாக, வானத்துக்குள் தோண்டிய கிணறு.
உச்சியில் ஒரு கப்பி.

பினாங்குக் கப்பலில் வந்த லிப்டு, என்கிறது பேரேடு.
பித்தளைக் கதவு, பெல்ஜியம் கண்ணாடி, உட்கார வெல்வெட்டு.
ஊரில் அப்போது கரண்டு கிடையாது.
அதனாலென்ன, சேகு நெய்னா மரைக்காயர்
தோணித்துறையில் நங்கூரம் இழுத்த நாலு பேரைக்
கூட்டிவந்து சுவருக்குப் பின்னால் நிறுத்தினார்.
ஒரு மணிக்கு மேலே. இரண்டு மணிக்குக் கீழே.
பொத்தானை அமுக்கிய துரைமார்
மின்சாரத்தை மெச்சினார்கள்.
மின்சாரம் பல்லைக் கடித்துக்கொண்டு
சத்தமில்லாமல் மூச்சு வாங்கியது.

உள்சுவர் நெடுகக் கரிக்கோடுகள், ஐந்தைந்தாக.
முழங்கால் உயரத்தில் தொடங்கி
கை எட்டும் மட்டும்.
நடுவே எழுத்துக் கூட்டி ஒரு வரி:
'ஜட்ஜி கனம். இன்னைக்கு ரெண்டு பொட்டி வேறெ. சவரிமுத்து.'

அந்த ஜட்ஜியின் புகார்க் கடிதம்
பேரேட்டில் ஒட்டியிருக்கிறது, இரண்டு பக்கம்.
ஐப்பசிப் புயல் ராத்திரி
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
அவர் தொங்கிக்கொண்டிருந்தாராம்.
மணியடித்தாராம். ஒன்று. இரண்டு. மறுபடி ஒன்று.
பிறகு எண்ணிக்கையில்லாமல்.
கயிறு மட்டும் ஒரு விரற்கடைகூட நழுவவில்லை என்பதை
எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறார்.

தோணிக்காரன் முடிச்சு அது.
போட்டுவிட்டு அக்கரைப்பேட்டைக்கு ஓடியிருக்கிறார்கள்.
அவர்கள் சொன்ன சமாதானம் அரை வரி:
'வீட்டுக்குள் கடல் வந்துவிட்டது.'

விடிந்து திரும்பி வந்து, முடிச்சை அவிழ்த்து,
ஜட்ஜியைப் பத்திரமாகக் கீழே இறக்கினார்கள்.
அன்றைய பற்று:
'லிப்டு ஆள் மூவர். அபராதம் தலைக்கு எட்டணா.'
மூவர்.
கரிக்கோட்டின் கடைசிக் கட்டில்
மூன்று கோடுதான் இருக்கிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை;
ஐந்து ஆவதற்குள் வேலை முடிந்திருக்கலாம்.

காப்பி வாங்கிக்கொண்டு பங்காளிகள் மேலே வந்தார்கள்.
அந்த ஐந்துக்கு ஐந்து யார் பங்கில் விழும்?
ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை.
பிளானில் குறுக்காகக் கோடிழுத்து
'புழங்க முடியாத இடம்' என்று எழுதினேன்.

விரலெல்லாம் கரி.
கழுவலாமென்று குழாயைத் திருகினேன்.
மோட்டாரை விற்றுவிட்டார்களாம்;
தண்ணீர் மேலே ஏறுவதில்லை.