தெரியாம

பட்டர்வொர்த் ஃபெரியில் மடிமேல் படிவம்.
முழுநேரமென்றால் மூன்று வருடம், சம்பளம் கிடையாது.
பகுதிநேரமென்றால் ஐந்து; சனி, ஞாயிறு கிடையாது.
உப்புக்காற்று தாளைத் தூக்கிப் பார்க்கிறது.

பதினோரு வருடமாக பினாங்கு நீதிமன்றத்தில்
தமிழை மலாயாக்குகிறேன்.
"நான் எடுக்கவில்லை" என்பார் கூண்டில் நிற்பவர்.
நானும் சொல்வேன், நான் எடுக்கவில்லை.
"நான்தான் அடித்தேன்" என்பார் அடுத்தவர்.
நான்தான் அடித்தேன்.
மதியத்துக்குள் ஆறேழு பேராகி
பசியோடு நாசி கண்டார் வரிசையில் நிற்பேன்.

நேற்று ஒரு லாரி கிளீனர், இருபது வயதிருக்கும்,
"தெரியாம செஞ்சிட்டேங்க" என்றான்.
கைதவறியா? குற்றமென்று தெரியாமலா?
கேட்பது என் வேலை இல்லை.
ஒரு சொல்லைப் பொறுக்கி வைத்தேன்.
நாலு மாதம்.
இரவு சோறு போடும்போது
மற்ற சொல் வந்து எதிரில் உட்கார்ந்தது.

ஜார்ஜ்டவுன் நெருங்குகிறது. பேனாவை உதறினேன்.
பகுதிநேரம்.
திங்கட்கிழமை நான் அங்கே இருந்தாக வேண்டும்;
இன்னொருவன் வருவான், இன்னொரு 'தெரியாம'வோடு.
கார் கடனுக்காகத்தான் என்று பரிதியிடம் சொல்லிக்கொள்ளலாம்.
அது பாதி உண்மை.
பாதியை விழுங்கக் கூடாதென்று
சத்தியம் செய்துதான் வேலைக்குச் சேர்ந்தேன்.