கூட்டி எழுதிய ஏழு

அப்புத்தளை ஆஸ்பத்திரியில்
பதினாலாம் நம்பர் கட்டில்.
மூடுபனி ஜன்னலில் வந்து நின்று
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.
டாக்டர் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.

மழைக் கானில் வழுக்கி
இடுப்பெலும்பு விட்டுப்போனது எனக்கு.
"வலிக்குதா" என்று கேட்டது மகனை.
"சாப்பிடுறாங்களா", அதுவும் மகனை.
"காது கேக்குமா" என்றும் அவனைத்தான் கேட்டார்,
எனக்குக் கேட்கும்படியே.

பதுளைக்கு அனுப்பினால் ஆப்பரேசன்,
ஒரு கம்பி, இரண்டு ஆணி.
அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.
எழுபத்து நாலு.
"இந்த வயசுல எதுக்கு, வீட்டுல வச்சுப் பாருங்க."
பஸ்சில் அடிபட்ட பன்னிரண்டாம் கட்டில் பிள்ளைக்கு
அன்றைக்கே ஆம்புலன்ஸ் வந்தது.
வரட்டும், அவளுக்கும் கால்தானே.
வண்டியில் இன்னோர் ஆள் படுக்க இடம் இருந்தது.
நான் பார்த்தேன்.

டாக்டர் தம்பி, அந்த எழுபத்து நாலில்
ஏழு என்னுடையது இல்லை.
பதினோரு வயதில் பிரட்டுக்களத்தில் நிறுத்தி
முழுப்பேர் விழட்டும் என்று
பதினெட்டு எழுதினார் கணக்கப்பிள்ளை.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மா இல்லை.
கூடை என் முழங்காலைத் தட்டும்.
"வளர்த்தி கம்மி" என்று சிரித்தார் தொரை.
செக்ரோலில் இருந்த வயதுதான்
பிரசாவுரிமைத் தாளுக்கு வந்தது,
தாளில் இருந்து அட்டைக்கு,
அட்டையில் இருந்து இந்தத் தலைமாட்டுக்கு.

சொல்லிப் பார்த்தேன்.
மிஸ்ஸி சிங்களத்தில் ஏதோ சொல்ல
டாக்டர் மகன் பக்கம் திரும்பினார்:
"இப்படி மாறிப் பேசுறது எத்தனை நாளா?"

சரி, விடுங்க.
எழுபத்து நாலாகவே இருக்கட்டும்.
எழுபத்து நாலுக்குக் கக்கூசுக்குத்
தன் காலில் போக ஆசை இருக்கக்கூடாதா?
இங்கிருந்து பதினாறு அடி.
கிடந்தபடியே எண்ணி வைத்திருக்கிறேன்.
பாம்பர்ஸ் கட்டி விட்டிருக்கிறார்கள்,
நடை மிச்சம் என்று.

சாயந்தரம் மிஸ்ஸி துண்டோடு வந்தார்.
வீட்டுக்குக் கூட்டிப்போகச் சம்மதம்,
கீழே ஒரு கையெழுத்து.
மகன் பேனையை எடுத்தான்.
"கொடுடா இங்க" என்றேன்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், முதல் தடவையாக.
பூமாயி என்று எழுதத் தெரியும் எனக்கு.
எழுதவில்லை.
பேனையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.